மாதம் 110 வெள்ளி: எந்தச் சந்தாவை வைத்துக்கொள்வது?

மாசாயில் இருக்கும் என் அக்கா வீட்டில் அண்மையில் நடந்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லாரும் சேர்ந்து படம் பார்க்கலாம் என்று தொலைக்காட்சியைத் திறந்தார்கள். அந்த வீட்டில் மூன்று இணையக் காணொலிச் சேவைகளுக்குச் சந்தா உண்டு. அவற்றில் ஒன்று திறக்கவில்லை. கட்டணம் செலுத்த முடியவில்லை, அட்டை விவரத்தைப் புதுப்பியுங்கள் என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. அத்தானின் பழைய வங்கி அட்டை காலாவதியாகிப் புதிய அட்டை வந்திருந்தது. அதுதான் காரணம்.

தேதியைப் பார்த்தபோதுதான் வியப்பு. அந்தச் சேவை நின்று ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. மற்ற இரண்டும் நின்ற அன்றே வீட்டில் சத்தம் கேட்டது. அத்தான் உடனே புதிய அட்டை எண்ணைப் பதிந்துவிட்டார். இந்த ஒன்றை மட்டும் யாரும் தேடவே இல்லை.

"இதுக்கும் கார்டு நம்பரைப் போட்டுடவா?" என்று கேட்டார் அத்தான்.

படிவம் 4 படிக்கும் அக்கா மகள் திருப்பிக் கேட்டாள்: "அஞ்சு வாரமா இல்லைன்னே நமக்குத் தெரியலையே அப்பா. அப்புறம் எதுக்கு?"

"அப்படின்னா நீயே கணக்குப் பார்த்துச் சொல்லு. எது வேணும், எது வேணாம்னு. மிச்சமாகிற காசு தம்பியோட டியூஷனுக்கு" என்று பொறுப்பை அவளிடமே கொடுத்துவிட்டார்.

மூன்று சந்தாக்களுக்கும் சேர்த்து அந்த வீட்டில் மாதம் 110 வெள்ளி போய்க்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 1,320 வெள்ளி. அவள் என்னிடம் உதவி கேட்டு வந்தபோது நான் சொன்னது ஒன்றுதான்: விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே, அறிவியல் கூடத்தில் செய்வதுபோல் முதலில் அளந்து பார். எதையெல்லாம் அளப்பது என்பதை மாணவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரே அலகுக்கு மாற்றுங்கள்

நம் நாட்டில் சந்தாத் தொலைக்காட்சி புதிதல்ல. 1996 ஜனவரியில் மியாசாட்-1 செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ தன் சேவையைத் தொடங்கியது. வீட்டுக்கு ஒரு தட்டு, ஒரு கட்டணச் சீட்டு. இணையம் வேகமெடுத்த பிறகு நிலைமை மாறியது. 2015-இல் கோலாலம்பூரிலிருந்து ஐஃபிலிக்ஸ் வந்தது. 2016 ஜனவரியில் நெட்ஃபிலிக்ஸ் மலேசியாவில் நுழைந்தது. அப்போது அதன் மாதக் கட்டணம் தரத்துக்கு ஏற்ப 33, 42, 51 வெள்ளி என மூன்று வகை. 2019-இல் கைப்பேசியில் மட்டும் பார்க்கும் திட்டம் ஒன்றை 17 வெள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். 2021 ஜூன் 1ஆம் தேதி டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் வந்தபோது அதன் விலை மூன்று மாதத்துக்கு 54.90 வெள்ளி.

இதில் எது மலிவு? 54.90 பெரிய எண். 17 சிறிய எண். ஆனால் ஒன்று மூன்று மாதத்துக்கு, மற்றொன்று ஒரு மாதத்துக்கு. 54.90-ஐ 3-ஆல் வகுத்தால் மாதம் 18.30 வெள்ளிதான். சென்டிமீட்டரையும் மீட்டரையும் நேரடியாக ஒப்பிடக்கூடாது என்று இயற்பியல் ஆசிரியர் சொல்வாரே, அதே விதிதான் இங்கும். நாள், மாதம், ஆண்டு என்று எந்த வடிவில் விலை சொன்னாலும் அதை ஒரே அலகுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

வரியையும் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி விதிக்கப்பட்டது. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு ஆனது. 50 வெள்ளிக் கட்டணத்தோடு 8 விழுக்காடு சேர்ந்தால் 54 வெள்ளி. விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையை விட, வங்கிக் கணக்கிலிருந்து உண்மையில் கழிந்த தொகையே சரியான தரவு. அக்கா மகள் அத்தானின் வங்கி அறிக்கையிலிருந்துதான் மூன்று எண்களையும் எடுத்தாள்: முதல் சேவை 60 வெள்ளி, நின்றுபோன இரண்டாவது சேவை 20 வெள்ளி, மூன்றாவது 30 வெள்ளி.

ஒரு மணி நேரம் என்ன விலை?

அடுத்து அவள் நான்கு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு போட்டாள். யார், எந்தச் சேவையில், எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்ற மூன்றே விவரங்கள். நின்றுபோன சேவைக்குப் பழைய பார்வைப் பதிவைப் பார்த்தாள். நின்றுபோவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அதில் பார்த்தது இரண்டு படங்கள், மொத்தம் 5 மணி நேரம். செலவு 3 × 20 = 60 வெள்ளி. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 12 வெள்ளி. ஒரு படத்துக்கு 30 வெள்ளி. மூன்றில் மிக மலிவானது என்று வீட்டில் எல்லாரும் நினைத்திருந்த சந்தாதான், பயன்பாட்டால் வகுத்தபோது மிக விலையுயர்ந்ததாக இருந்தது.

இப்படி ஏமாறுவது நாம் மட்டுமல்ல. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் உடற்பயிற்சிக் கூடங்களில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். அவர்களின் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் கூடத்துக்குப் போனார்கள். ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. அதே கூடத்தில் பத்து முறைக்கான நுழைவுச் சீட்டை வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். சேரும்போது, நாம் அடிக்கடி போவோம் என்று மனம் கணக்குப் போடுகிறது. உடல் அந்தக் கணக்கைப் பின்பற்றுவதில்லை.

முதல் சேவையின் குறிப்பேட்டில் 40 மணி நேரம் பதிவாகியிருந்தது. 60-ஐ 40-ஆல் வகுத்தால் மணிக்கு 1.50 வெள்ளி. ஆனால் அக்கா மகள் இன்னொன்றையும் குறித்து வைத்திருந்தாள். அந்த 40 மணி நேரத்தில் 12 மணி நேரம் தொலைக்காட்சி முன்னால் யாரும் இல்லை. ஒரு பகுதி முடிந்ததும் அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியால் படம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. உண்மையில் பார்த்தது 28 மணி நேரம். அப்படியானால் மணிக்கு சுமார் 2.14 வெள்ளி. கருவி காட்டும் அளவும் உண்மையான அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது எந்தச் சோதனைக்கும் பொருந்தும்.

மூன்றாவது சேவையைப் பயன்படுத்துவது பெரும்பாலும் ஒருவர்தான்: பாட்டி. தமிழ்த் தொடர்கள், பழைய படங்கள் என்று நான்கு வாரத்தில் 30 மணி நேரம். மணிக்கு ஒரு வெள்ளி.

கட்டிய காசுக்குக் கண் பார்க்கிறதா?

முதல் சேவையின் 60 வெள்ளித் திட்டம் 4கே தரத்துக்கானது. அதற்குக் கீழே 45 வெள்ளிக்கு 1080பி தரத் திட்டம் ஒன்று உண்டு. 15 வெள்ளி வேறுபாடு. அந்த வேறுபாட்டை அவர்கள் வீட்டுக் கண்களால் பார்க்க முடிகிறதா?

திரையில் தெரியும் படம் சிறு படப்புள்ளிகளால் ஆனது. 1080பி படத்தில் குறுக்காக 1,920, நெடுக்காக 1,080, ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். 4கே படத்தில் 3,840 × 2,160, அதாவது 82,94,400 புள்ளிகள். சரியாக நான்கு மடங்கு. எண்ணைக் கேட்டால் பெரிதாகத்தான் இருக்கிறது.

ஆனால் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. கண் மருத்துவர் எழுத்துப் பலகையைக் காட்டி இயல்பான பார்வை என்று சொல்வதற்குப் பின்னால் ஒரு கோணம் இருக்கிறது: ஒரு பாகையை 60-ஆகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. 3.4 மீட்டர் தூரத்தில் இருக்கும் 1 மில்லிமீட்டர் அளவுப் பொருள் நம் கண்ணில் உண்டாக்கும் கோணம் அதுதான். அதைவிடச் சிறிய கோணத்தில் இரண்டு புள்ளிகள் நெருங்கி இருந்தால் அவை ஒன்றாகவே தெரியும்.

இதிலிருந்து ஓர் எளிய சூத்திரம் கிடைக்கிறது. படப்புள்ளியின் அளவை மில்லிமீட்டரில் எடுத்து 3.4-ஆல் பெருக்குங்கள். வரும் விடை மீட்டரில். அந்தத் தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்தால் புள்ளிகளைப் பிரித்தறிய முடியாது.

அக்கா வீட்டுத் தொலைக்காட்சி 43 அங்குலம். அதன் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர், அதாவது 950 மில்லிமீட்டர். 1080பி படத்தில் ஒரு புள்ளியின் அளவு 950 ÷ 1,920 = சுமார் 0.5 மில்லிமீட்டர். 0.5 × 3.4 = 1.7 மீட்டர். அதற்கு அப்பால் இருந்து பார்ப்பவருக்கு 1080பி-யே போதும். 4கே-யின் நுணுக்கம் முழுவதும் தெரிய வேண்டுமானால் 0.85 மீட்டருக்குள், திரையைக் கையால் தொடும் தூரத்தில் உட்கார வேண்டும்.

சிலருக்கு இதைவிடக் கூர்மையான பார்வை உண்டு. 2025-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மெட்டா நிறுவனத்தினரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒரு பாகைக்கு 94 புள்ளிகள் வரை மனிதர்கள் பிரித்தறிய முடிகிறது என்று கண்டது. பழைய கணக்கு 60 புள்ளிகள். இந்தப் புதிய எண்ணை வைத்துக் கணக்கிட்டால் 1.7 மீட்டர் என்பது சுமார் 2.7 மீட்டர் ஆகிறது.

அளவு நாடாவை எடுத்து அக்கா மகள் நாற்காலிக்கும் திரைக்கும் இடையே அளந்தாள். 3 மீட்டர். எந்தக் கணக்கின்படி பார்த்தாலும், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு 4கே-யும் 1080பி-யும் கூர்மையில் ஒன்றுதான். உங்கள் வீட்டில் 65 அங்குலத் திரை இருந்து 2 மீட்டரில் உட்கார்ந்தால் விடை வேறாக இருக்கும். விலையுயர்ந்த திட்டங்களில் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய திரைகளின் எண்ணிக்கை கூடுதலாக இருப்பதும் உண்டு. அதையும் சேர்த்துப் பாருங்கள். அக்கா வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு திரைக்கு மேல் தேவைப்பட்டதே இல்லை.

கைப்பேசியில் கரையும் டேட்டா

சந்தாக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. வீட்டுக்கு வெளியே பார்த்தால் கைப்பேசி டேட்டாவும் கரையும். இதைக் கணக்கிட ஒரு விவரம் தெரிந்தால் போதும்: இணைய வேகத்தை பிட் கணக்கில் சொல்வார்கள்; டேட்டாவை பைட் கணக்கில் விற்பார்கள். 8 பிட் சேர்ந்தால் 1 பைட்.

நெட்ஃபிலிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் 720பி-க்கு நொடிக்கு 3 மெகாபிட், 1080பி-க்கு 5 மெகாபிட், 4கே-க்கு 15 மெகாபிட். நொடிக்கு 5 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் 5 × 3,600 = 18,000 மெகாபிட். 8-ஆல் வகுத்தால் 2,250 மெகாபைட், அதாவது 2.25 ஜிபி. 3 மெகாபிட் என்றால் 1.35 ஜிபி. 15 மெகாபிட் என்றால் 6.75 ஜிபி. காட்சியைப் பொறுத்து இது குறைவதும் உண்டு. ஆனாலும் ஒப்பிடுவதற்கு இந்த எண்கள் போதும்.

இந்த அளவுக்குச் சுருங்குவதே ஒரு சாதனைதான். 1080பி படத்தை எதையும் குறைக்காமல் அப்படியே அனுப்பினால் என்ன ஆகும்? 20,73,600 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட், நொடிக்கு 24 படங்கள். பெருக்கிப் பாருங்கள். நொடிக்கு ஏறக்குறைய 1,194 மெகாபிட் வரும். அதை 5 மெகாபிட்டில் அடக்குகிறார்கள் என்றால் சுமார் 240-இல் ஒரு பங்கு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது இதன் முக்கிய உத்தி. செய்தி வாசிப்பவர் பேசும்போது உதடு அசைகிறது. பின்னால் இருக்கும் சுவர் அசைவதில்லை. சுவரை மீண்டும் மீண்டும் அனுப்புவானேன்?

காணொலியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் தயாராக வைத்திருப்பார்கள். உங்கள் இணைப்பு வேகமாக இருந்தால் உயர்ந்த தரத் துண்டு வரும். வேகம் குறைந்தால் தாழ்ந்த தரத் துண்டு வரும். வெள்ளிக்கிழமை மாலை ஜொகூர் கடற்பால நெரிசலில் பேருந்தில் நின்றுகொண்டு பார்க்கும்போது படம் திடீரென மங்கிப் பிறகு தெளிவதற்கு இதுவே காரணம். 4கே-க்குப் பணம் கட்டியிருந்தாலும் அந்த நேரத்தில் வருவது இணைப்பு தாங்கும் தரம்தான்.

கைப்பேசிக்கும் அதே சூத்திரத்தைப் போடுங்கள். சாதாரண கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்தால் படத்தின் அகலம் சுமார் 12 சென்டிமீட்டர். 720பி படத்தில் குறுக்கே 1,280 புள்ளிகள். ஒரு புள்ளி சுமார் 0.094 மில்லிமீட்டர்; 3.4-ஆல் பெருக்கினால் 0.32 மீட்டர். நாம் கைப்பேசியைப் பிடிக்கும் தூரமும் ஏறக்குறைய அதுதான். ஆகவே கைப்பேசியில் 720பி பெரும்பாலும் போதும். செயலியின் அமைப்பில் தரத்தைக் குறைத்து வைத்தால் மேற்சொன்ன கணக்குப்படி மணிக்கு 0.9 ஜிபி மிச்சம்.

வேறு வழியில் கிடைக்குமா?

சந்தாவை நிறுத்தும் முன் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி இது. இங்கே ஒலிபரப்பு கோபுரத்துக்கும் இணையத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோபுரம் ஒரே அலையை எல்லாத் திசையிலும் அனுப்புகிறது. நூறு வீடுகள் பார்த்தாலும் லட்சம் வீடுகள் பார்த்தாலும் கோபுரத்தின் மின்செலவு மாறுவதில்லை. இணையக் காணொலி அப்படியல்ல. பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி போக வேண்டும். கூலாய் அருகே செடெனாக் பக்கம் எழும்பியிருக்கும் தரவு மையங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் போன்ற இடங்களில் உள்ள கணினிகள்தான் உலகமெங்கும் இணையச் சேவைகளை இயக்குகின்றன. பார்ப்போர் கூடக் கூட வேலையும் கூடுகிறது.

அதனால்தான் கோபுர ஒளிபரப்பு இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. மலேசியா 2019 அக்டோபர் இறுதியில் முழுமையாக மின்னிலக்க ஒளிபரப்புக்கு மாறியது. ஒரு சாதாரண ஆன்டெனா இருந்தால் டிவி2-இன் தமிழ்ச் செய்தியையும் நிகழ்ச்சிகளையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். இணையம் இருந்தால் ஆர்டிஎம் கிளிக் செயலியும் இலவசம். 2012-இல் தொடங்கிய என்ஜோய் சேவைக்குப் பெட்டியை ஒருமுறை வாங்கினால் போதும். அடிப்படை அலைவரிசைகளுக்கு மாதக் கட்டணம் இல்லை.

தென் ஜொகூரில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு. வானொலி அலைக்குக் குடிநுழைவுச் சாவடி கிடையாது. சிங்கப்பூரும் மலேசியாவும் டிவிபி-டி2 என்ற ஒரே ஒளிபரப்புத் தரத்தைப் பயன்படுத்துவதால், ஆன்டெனாவைத் தெற்கே திருப்பினால் ஜொகூர் பாரு வட்டாரத்தின் பல வீடுகளில் வசந்தம் அலைவரிசை கிடைக்கும். அது 2008 அக்டோபரில் முழுநேரத் தமிழ், இந்திய மொழிகளுக்கான அலைவரிசையாக மாறியது.

விலை குறைவு என்று சொல்லிச் சந்தைகளில் விற்கப்படும் திருட்டுக் காணொலிப் பெட்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2022-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி, அத்தகைய கருவிகளையும் சேவைகளையும் தயாரித்து விற்போருக்குக் குறைந்தது 10,000 வெள்ளி, அதிகபட்சம் 2 லட்சம் வெள்ளி அபராதமோ, 20 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நிறுத்த மனம் வராதது ஏன்?

கணக்கு தெளிவாக இருந்தாலும் கை தயங்கும். இதற்கும் காரணங்கள் உண்டு.

முதலாவது, இருப்பதை அப்படியே விட்டுவிடும் இயல்பு. வில்லியம் சாமுவல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற ஆய்வாளர்கள் 1988-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். நாம் அதை நடப்புநிலைச் சார்பு எனலாம். எதையும் செய்யாவிட்டால் என்ன நடக்குமோ அதையே மனிதர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தா இந்த இயல்பின் மேல்தான் நிற்கிறது.

இதை அளந்த ஓர் ஆய்வு அக்கா வீட்டுக் கதையைப் போலவே இருக்கிறது. லிரான் ஐனாவ், பென் குளோபாக், நீல் மஹோனி என்ற பொருளியலாளர்கள் பல சந்தாச் சேவைகளின் அட்டைக் கட்டணத் தரவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். அட்டை மாறும் மாதத்தில், வாடிக்கையாளர் புதிய எண்ணைப் பதிய வேண்டும்; அதாவது, இது எனக்கு வேண்டுமா என்று ஒருமுறையாவது யோசிக்க வேண்டும். அந்த மாதத்தில் சந்தாவை விடுபவர்கள் சட்டென்று கூடுகிறார்கள். கவனக்குறைவால் மட்டும் நிறுவனங்களின் வருமானம் 14 விழுக்காட்டிலிருந்து 200 விழுக்காட்டுக்கு மேல் வரை கூடுவதாக அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இரண்டாவது, கட்டிய காசு வீணாகுமே என்ற எண்ணம். 1985-இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நாடகங்களுக்கான பருவச் சீட்டை வாங்க வந்த சிலருக்கு முழு விலையிலும் சிலருக்குத் தள்ளுபடியிலும் சீட்டு கொடுத்தார்கள். நாடகம் ஒன்றுதான். ஆனால் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். போன மாதம் கட்டிய பணம் திரும்பி வராது. அதை ஈடுகட்டப் பிடிக்காத தொடரைப் பார்த்தால், பணத்தோடு நேரமும் போகும். மறுநாள் தேர்வு இருந்தால் அதுவும் போகும்.

இதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு. சந்தாவில் சேர்ந்த அன்றே ரத்துசெய்துவிடுங்கள். பெரும்பாலான சேவைகளில் கட்டணம் கட்டிய மாதம் முடியும் வரை தொடர்ந்து பார்க்கலாம்; விதிமுறையைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்த மாதமும் வேண்டுமென்றால் நீங்களாகச் சேர வேண்டும். அப்போது சோம்பல் உங்கள் பணத்துக்குக் காவலாக மாறிவிடும். எல்லாச் சேவைகளையும் ஆண்டு முழுவதும் வைத்திருக்காமல், பள்ளி விடுமுறையில் ஒன்று, தீபாவளிக் காலத்தில் வேறொன்று என்று மாற்றி மாற்றியும் சேரலாம். ஆண்டுச் சந்தா மலிவு என்றாலும் யோசித்துச் சேருங்கள். சேவைகளே மறைந்துபோவதும் உண்டு. 2016-இல் தொடங்கிய டிம்சம் என்ற உள்நாட்டுச் சேவை 2021-இல் மூடப்பட்டது. ஐஃபிலிக்ஸ் 2020-இல் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

அக்கா வீட்டு முடிவு

நான்கு வாரம் முடிந்த ஞாயிறன்று அக்கா மகள் தாளை எடுத்து வைத்தாள். இரண்டாவது சேவைக்குப் புதிய அட்டை எண் வேண்டாம். ஆண்டு இறுதி விடுமுறையில் ஒரு மாதம் மட்டும் சேரலாம். முதல் சேவையை 60 வெள்ளித் திட்டத்திலிருந்து 45 வெள்ளித் திட்டத்துக்கு இறக்கலாம். மாதம் 35 வெள்ளி மிச்சம், ஆண்டுக்கு 420. விடுமுறை மாதத்தின் 20 வெள்ளியைக் கழித்தால் 400.

மூன்றாவதைப் பற்றி அவள் சொல்வதற்குள் பாட்டியே முந்திக்கொண்டார். "என்னோடதையும் நிறுத்திடும்மா. டியூஷனுக்கு ஆகட்டும். நான் டிவி2 பார்த்துக்கிறேன்."

அவள் அதையும் விசாரித்து வைத்திருந்தாள். பாட்டி பார்க்கும் தொடர் வேறு எந்த இலவச அலைவரிசையிலும் இல்லை. அப்பாவும் அம்மாவும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு அந்த வீட்டில் பாட்டி மட்டும்தான். "பாட்டி, உங்க 30 வெள்ளியிலதான் இந்த வீட்லயே ஒரு வெள்ளிக்கு ஒரு மணி நேரம் கிடைக்குது. மத்ததை நிறுத்துற கணக்குதான் உங்களோடதை வைக்கச் சொல்லுது" என்றாள். அத்தான் மறுபேச்சு பேசவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

சந்தாவும் வங்கி அட்டையும் பெற்றோருடையவை. ஆகவே அவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

1. வங்கி அறிக்கையிலோ மின்-பணப்பையிலோ உண்மையில் கழிந்த தொகையை எடுத்து, எல்லாவற்றையும் மாதக் கணக்குக்கு மாற்றுங்கள்.

2. நான்கு வாரங்களுக்கு, யார் எதை எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். யாரும் இல்லாமல் ஓடிய நேரத்தைக் கழியுங்கள்.

3. தொகையை மணி நேரத்தால் வகுங்கள்.

4. திரையின் அகலத்தையும் உட்காரும் தூரத்தையும் அளந்து, கட்டும் தரம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கணக்கிடுங்கள்.

5. அதே நிகழ்ச்சி இலவசமாகச் சட்டப்படி கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

6. கடைசியாக ஒவ்வொரு சேவையைப் பற்றியும் வீட்டில் உள்ள எல்லாரிடமும் கேளுங்கள்: இது இன்று நம்மிடம் இல்லை என்று வைத்துக்கொள்வோம், இந்த விலைக்கு இன்று புதிதாகச் சேருவோமா?

ஆறாவது கேள்விக்கு ஒருவராவது உடனே ஆம் என்று சொன்னால், அவர் எதற்காகச் சொல்கிறார் என்று கேட்டு அதையும் தாளில் எழுதுங்கள். யாரும் பதில் சொல்லாவிட்டால் அந்தச் சேவையை இந்த மாதமே நிறுத்திப் பாருங்கள். ஐந்து வாரம் கழித்தும் யாரும் தேடவில்லை என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. யாராவது தேடினால் மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.